ஊதாமல் படிந்த ஈரம்

பசுமலையிலிருந்து ஆரப்பாளையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது, உட்கார மனம் இல்லை. பேய் என்று எவன் சொன்னாலும் சிரிக்கிற ஆள் நான். சுடுகாட்டுக் கொட்டகையில் மாதக்கணக்கில் படுத்திருக்கிறேன், ஒன்றும் வந்ததில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் அன்று மத்தியானம் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டுத் திரிந்தவன், பசுமலையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகடு கழுவிக்கொண்டிருந்தேன். சுகந்தி என்ற சௌராஷ்டிரப் பெண் ஆராய்ச்சி செய்தாள். தண்ணீர் மேல் ஒரே மூலக்கூறு கனத்தில் படலம் பரப்பி, தகட்டை முக்கி மெல்லத் தூக்குவாள். சரியாக வந்தால் படலம் வரிவரியாக ஒட்டும். ஒரு வரியின் அகலம் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்கு. வாயால் ஊதினால், ஈரம் படிகிற விதத்தில் படலம் எப்படி ஒட்டியிருக்கிறது என்று தெரியும்.

"கண்ணுக்கே தெரியாத கோட்டுக்கு இம்புட்டுப் பாடா தங்கச்சி?"

"ஒங்க பசி என் கண்ணுக்குத் தெரியுதாண்ணே? அதுக்காக இல்லேன்னு ஆயிருமா?"

ஏழெட்டு மாதமாக வரி விழவில்லை. விழுந்தால்தான் பட்டம். "என் கைதாண்ணே சரியில்ல" என்று அழுதாள். கையில் குறை இல்லை. கழுவிய தகட்டைத் தானாகக் காயவிட வேண்டும். நான் அவசரத்தில் தோள் துண்டால் துடைத்து அடுக்கினேன். அந்த எண்ணெய்ப் பிசுக்குதான் படலத்தைக் கெடுத்தது என்று பிந்தித்தான் எனக்கு உறைத்தது. சொன்னால் வேலை போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குள் மஞ்சள் காமாலை முற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அன்று மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் நான் தனியாக இருந்தேன். மூடிய பெட்டிக்குள் அவள் கடைசியாகத் தூக்கிய தகடு. அதன் நடுவில் ஈரம் படிந்தது, யாரோ குனிந்து ஊதியதுபோல. ஈரத்துக்குள் என் துண்டு இழுத்த தடம், இழை இழையாக. மறைந்தது. மறுபடியும் படிந்தது, அதே தடம்.

"நாந்தான் தங்கச்சி, நாந்தான் தொடச்சேன். ஒன் கை நல்ல கை."

மூன்றாம் முறை படிந்த ஈரம் கலைய வெகுநேரம் ஆனது. பிறகு படியவே இல்லை. பக்கத்து அறையில் டெலிபோன் அடித்தது. எடுத்த வாத்தியார் எட்டிப் பார்த்து, "சுகந்தி தவறிருச்சுப்பா" என்றார்.

எத்தனை மணிக்கு என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனாளா, தன் கையைப் பழித்துக்கொண்டே போனாளா, இன்றைக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி நடந்தேன்.

மறுநாள் காலை உசிலம்பட்டிச் சந்தையில் ஒரு மாட்டு வியாபாரி, "என்ன வேல தெரியும்?" என்றார்.

"கழுவுற வேல மட்டும் வேணாண்ணே."

ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டு மாட்டின் கயிற்றைக் கையில் கொடுத்தார்.