நாலாவது நட்டு

எழுபதுகளின் கடைசியில் நானும் மச்சானும் சேர்ந்து ஒரு கார் வைத்திருந்தோம். அவன் என் மனைவியின் தம்பி. என் தங்கையைக் கட்டியிருப்பவனும் அவன்தான். மாற்றுக் கல்யாணம். எனக்கும் அவனுக்கும் சண்டை வந்தால் யார் யார் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்கவே பெண்கள் இருவருக்கும் நேரம் பிடிக்கும்.

கார் பழைய இங்கிலீஷ் கார். வெள்ளை. எனக்குக் கல்முனையில் சாரன், கைலி விற்கிற கடை இருந்தது, அவன் மாவடிப்பள்ளியில் வயல் செய்தான். சூறாவளி அடித்த மறு வருடம் நான் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தபோது கார் பச்சையாக இருந்தது. இளம்பச்சை என்றாலும் பரவாயில்லை. கடைக் கதவுக்கு அடிக்கிற பச்சை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவனோடு கதைப்பதை நிறுத்தினேன். நான் நிறுத்திவிட்டேன் என்பது அவனுக்கு விளங்கச் சில நாட்கள் ஆயின. விளங்கியதும் அவனும் நிறுத்தினான்.

அந்த நிலையில்தான் பொத்துவிலில் மனைவியின் மாமா ஒருவர் புது வீட்டில் குடியேறினார். பகல் சாப்பாட்டுக்கு இரண்டு குடும்பமும் போகவேண்டும். இருப்பது ஒரு கார். நான் ஓட்டினேன், பக்கத்தில் மனைவி. பின்னால் மச்சானும், மடியில் இனிப்புக்கு அவித்த வட்டிலப்பச் சட்டியோடு தங்கையும். அக்கரைப்பற்றுத் தாண்டும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு பெண்கள் இருவரும் சட்டியைப் பற்றிக் கதைத்தார்கள்.

கோமாரி கடந்து கொஞ்சத் தூரத்தில் பின்பக்க டயர் ஒன்று காற்றுப் போனது. வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் கடல். மறு பக்கம் பற்றைக்காடு. மச்சான் இறங்கி ஒன்றும் சொல்லாமல் ஸ்பெயார் டயரை உருட்டிக்கொண்டு வந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்தேன்.

மூன்று நட்டுகள் ஸ்பேனர் மீது ஏறி நின்றதும் இளகின. நாலாவதில் ஸ்பேனரை வைத்து அழுத்தினேன். அது வழுக்கிச் சுற்றியது. நான் மண்ணில் இருந்தேன். குனிந்து பார்த்தால், நட்டின் ஆறு மூலையும் தேய்ந்து உருண்டையாகிக் கிடக்கிறது. யாரோ எப்போதோ பொருந்தாத ஸ்பேனரை மாட்டித் திருகியிருக்க வேண்டும்.

மச்சானும் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அவன் அக்காவான என் மனைவியிடம் சொன்னான்:

"ராத்தா, இந்த நட்டை இப்பிடித் திண்டது ஆரெண்டு கேளுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். "தம்பி கேக்கிறான்..."

"எனக்குக் காது கேக்கும். பச்சைப் பெயின்ட் அடிச்சவரிட்டயே கேக்கச் சொல்லு."

"தம்பி, உன்னிட்டயே கேக்கட்டாம்."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றைச் செய்தேன். சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியை மடித்து நட்டின் மேல் போட்டு அதற்கு மேல் ஸ்பேனரை மாட்டினேன். கைலேஞ்சி கிழிந்தது. மச்சான் அவன் வைத்தியத்தைச் செய்தான். சிகரெட் டின்னின் மூடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி இடையில் செருகினான். தகரம் மடிந்தது, நட்டு அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இவர் சொல்றார் காக்கா, வெட்டிரும்பு இருந்தா நட்டை ஓரத்தில அடிச்சுத் திருப்பலாமாம்," என்று தங்கை என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓம், அது எனக்கும் தெரியும். வெட்டிரும்புக்கு எங்க போறயாம்?"

தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு தெரிந்தது. பெண்கள் இருவரும் அங்கே போய் ஒரு சுத்தியலும் வெட்டிரும்பும் வாங்கி வந்தார்கள். அந்த வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி தயங்காமல் எடுத்துக் கொடுத்ததோடு, குடிக்கத் தண்ணீர் தருகிறேன், நிழலில் வந்து இருங்கள் என்றும் கூப்பிட்டிருக்கிறாள்.

"நாங்க அங்க போய் இரிக்கம்," என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் என்னத்தையாவது செய்ங்க. இனி ஒரு கதையையும் அங்கயும் இங்கயும் எங்களுக்குத் தூக்கித் திரிய ஏலா."

வட்டிலப்பச் சட்டியையும் கொண்டுபோனார்கள்.

இப்போது நானும் அவனும் நட்டும்தான். வேலை ஒருவர் செய்கிற வேலை இல்லை. வெட்டிரும்பை நட்டின் ஓரத்தில் சரிவாக வைத்து ஒருவர் பிடிக்கவேண்டும், மற்றவர் அடிக்கவேண்டும். சுத்தியல் அவன் கையில் இருந்தது. ஆகவே நான் பிடித்தேன். கதைக்காத மனிதன் சுத்தியல் ஓங்கும்போது அவனுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டிருப்பது எப்படி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் அடி வெட்டிரும்பில் விழுந்தது. இரண்டாவது அடியும் விழுந்தது. மூன்றாவது மட்காட்டில் விழுந்தது. நாலாவது அடி என் பெருவிரலை உரசிக்கொண்டு போனது.

ஐந்தாவது அடிக்கு அவன் ஓங்கியபோது நான் நட்டைப் பார்ப்பதை விட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான்.

"டேய்! கண்ணை மூடிக்கொண்டா அடிக்கிறாய்?"

சுத்தியல் மேலேயே நின்றது. அவன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"பாத்துக்கொண்டு அடிக்கப் பயமாக் கிடக்கு மச்சான். உங்கட கையில பட்டிரும்."

"பாக்காம அடிச்சாப் படாதா?"

அவன் யோசித்தான். "அதுவும் சரிதான்," என்று சொல்லிச் சுத்தியலை என்னிடம் தந்தான்.

இடம் மாறினோம். அவன் பிடித்தான், நான் அடித்தேன். பார்த்துக்கொண்டு அடிப்பது உண்மையிலேயே பயமாகத்தான் இருந்தது. நான் அதை அவனிடம் சொல்லவில்லை. நட்டில் ஒரு வெட்டு விழுந்தது. வெட்டில் வெட்டிரும்பு பிடித்துக்கொண்டது. அதன்பிறகு ஒவ்வொரு அடிக்கும் நட்டு நகம் அளவு திரும்பியது. "வருது மச்சான், வருது, அடிங்க," என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் கையால் கழற்றி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது. அதைத் திரும்ப மாட்ட வழியில்லை.

ஜக் அடித்துச் சக்கரத்தைத் தூக்கும்போது கேட்டேன்:

"என்னத்துக்குடா பச்சை?"

"சூறாவளியில தென்னை விழுந்து காரிட கூரைத் தகட்டில பெயின்ட் எல்லாம் உரிஞ்சு கிடந்ததே. துருப் பிடிக்கத் தொடங்கிட்டு. கல்முனையில கிடந்தது இந்தப் பெயின்ட் மட்டும்தான்."

"கேட்டிருக்கலாமே?"

"நீங்க கொழும்பில. வந்தவுடன சொல்லுவம் எண்டுதான் இருந்தன். நீங்க கதைக்கல்லயே."

சக்கரத்தை மாட்டி மூன்று நட்டையும் இறுக்கினோம். பெண்கள் திரும்பி வந்தபோது, வெள்ளைக்கு மேல் பச்சை அடித்தால் எத்தனை வருடத்தில் உரியும் என்று இருவரும் உரத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். என் தங்கை கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"ராத்தா, முந்திக் கதைக்காம இருந்ததே நல்லா இருந்தது," என்றாள்.

பொத்துவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. சாப்பாடு முடிந்து, சகன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். மாமா எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு முதலில் சவர்க்காரம் கொடுத்தார், பிறகுதான் ஸலாம் சொன்னார். ஆறிப்போன சோறும் இறைச்சியும் இருந்தது. வட்டிலப்பத்தில் பாதியைக் கோமாரியில் அந்த வீட்டுப் பிள்ளைகள் தின்றிருந்தார்கள். மீதியை மாமா மெச்சினார்.

திரும்பும்போது மச்சான் முன்னால் வந்து இருந்தான். நான் மெல்ல ஓட்டினேன். அவன் விட்டுப்போன கதையை எல்லாம் தொடங்கினான். மாடு தொலைந்து கிடைத்தது, வாய்க்கால் சண்டை, யாரோ பெண் கேட்டு வந்தது. பின்னால் இருவரும் தூங்கிவிட்டார்கள். அக்கரைப்பற்று வெளிச்சம் தெரிந்தபோது குரலைத் தாழ்த்தினான்.

"இந்தப் போகம் சரியில்ல மச்சான். அறக்கொட்டிப் பூச்சி விழுந்து முக்கால்வாசி பதராப் போயிட்டு. வீட்டில இன்னும் சொல்லல்ல."

பின்னால் என் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் அவன் இதை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். நாளைக்குக் கடையைச் சுணங்கித் திறக்கலாம், போய்ப் பார்ப்போம் என்றேன்.

மறுநாள் காலை மாவடிப்பள்ளிக்குப் போய் வரம்பில் நின்றோம். எனக்கு வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தூரத்தில் நின்று பார்க்க எல்லாக் கதிரும் நல்ல கதிராகவே தெரிந்தது. அவன் ஒன்றைப் பிடுங்கி என் கையில் தேய்த்துக் காட்டினான். ஊதினேன், எல்லாம் பறந்துவிட்டது. அடுத்த வரம்புக்கு நடந்தோம்.