முக்திநாத்துக்கு நடந்து போனது யார்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு வைத்தேன். அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்திருக்கிறேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மசாலா கடையில் முப்பது வருடம் பில் சீட்டு எழுதியிருக்கிறேன். வெட்கம்தான் கையைப் பிடித்தது. உண்மையை எழுதினால், எனக்குப் போட்ட பொன்னாடையைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயமும் இருந்தது.

என் பேத்தி நாள் நிறையாமல் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவு கிடந்தாள். மருத்துவமனை வராந்தாவில் நின்று, மகள், மருமகன், தாதி எல்லோர் காதிலும் விழும்படி நேர்ந்துகொண்டேன். "பிள்ளைய எங்க கையில குடுத்துடு சாமி. நான் இமயமலைக்கு வந்து, முக்திநாத்துல உன்ன நடந்தே வந்து பாக்கறேன்."

முருகனுக்கு நேர்ந்திருந்தால் தண்ணீர்மலைக் கோயில், வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஆனால் அன்றைக்கு என் புத்தியில், துன்பம் பெரிதென்றால் மலையும் பெரிதாக இருக்க வேண்டும் என்று பட்டது. அதற்கு முந்தின வாரம் கடைக்கு வந்த ஒருவர் முக்திநாத் போய் வந்த படங்களைக் காட்டியிருந்தார். அந்தப் பெயர்தான் வாயில் வந்தது.

பிள்ளை பிழைத்தாள். நேர்ந்தவன் போக வேண்டுமே!

எனக்குப் பயமே இல்லை. இருபத்திரண்டு தைப்பூசம் காவடி எடுத்தவன். வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்து தண்ணீர்மலைப் படி ஏறியவன். "எனக்கு இதெல்லாம் ஒரு மலையா?" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். பெரிய கடைவளாகத்தில் போய், கணுக்காலுக்கு மேலே கட்டும் சப்பாத்து வாங்கினேன். என் மனைவிக்கு முழங்கால் வலி. இருந்தும், என் மாத்திரைகளை யார் எடுத்துக் கொடுப்பது என்று அவளும் கிளம்பினாள். பிறை தொழிற்பேட்டையில் ஃபேக்டரி வேலைக்குப் போட்டுப் போன பழைய கறுப்புச் சப்பாத்தையே மாட்டிக்கொண்டாள்.

"இமயமலைக்குப் போறியா, நைட் ஷிப்டுக்குப் போறியா?" என்று கேலி செய்தேன்.

"பன்னெண்டு மணி நேரம் நின்ன சப்பாத்து இது. உங்களோடது இன்னும் கடையிலதான் நின்னுருக்கு," என்றாள்.

எங்களை அழைத்துப் போன வழிகாட்டித் தம்பி நேப்பாளக்காரர். ஆனால் ஏழு வருடம் எங்களுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில் காவலாளி வேலை பார்த்தவர். அதனால் எங்களுக்குள் மலாய்தான் பேச்சு. என்னைப் பாக்சிக் என்றும் மனைவியை மாக்சிக் என்றும், நம் ஊர் மலாய்ப் பிள்ளைகள் பெரியவர்களைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன். மொத்தம் ஆறு நாள் நடை. கூட்டத்தில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அந்த வழியெல்லாம் புத்த மதத்தாரின் இடங்கள். வெள்ளையடித்த சின்னச் சின்ன ஸ்தூபிகள், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மதில்கள், மேலே மேலே மடங்கள். முதல் ஸ்தூபியைக் கண்டதும் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். யார் சாமியானால் என்ன, சாமியைச் சப்பாத்தோடு சுற்றலாமா? வெறுங்காலோடு மூன்று சுற்று சுற்றி, விழுந்து கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து மாட்டினேன். அந்தச் சப்பாத்துக்குக் கயிறு கோக்க பதினாறு கொக்கி. வழிகாட்டித் தம்பி சந்தோஷமாகப் படம் எடுத்தார்.

இரண்டாம் நாள் பதினொரு ஸ்தூபி. அவர் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"பாக்சிக், இதெல்லாம் ரோட்டோரம் இருக்கறது லா. வலது கைப் பக்கம் வெச்சுக்கிட்டு நடந்து போனாலே கும்புட்ட மாதிரிதான்."

"ரோட்டுல இருந்தாலும் சாமி சாமிதானே தம்பி."

"எல்லாத்துக்கும் கழட்டுனா, அடுத்த தீபாவளிக்குத்தான் போய்ச் சேருவோம்."

ஸ்தூபியாவது பரவாயில்லை. மந்திரக்கல் மதில் ஒன்று எங்கள் ஊர் மார்க்கெட் தெருவில் பாதி நீளம் இருந்தது. அதையும் மூன்று முறை சுற்றினேன். மற்றவர்களுக்கு ஆறு நாள் நடை என்றால் எனக்கு எட்டு நாள் நடை இருந்திருக்கும். மனைவியோ ஒவ்வொன்றின் முன்னாலும் சப்பாத்தோடு நின்று, கைகூப்பி, உதடு அசைத்துவிட்டு நடந்துகொண்டே இருந்தாள்.

"இது என்னடி பக்தி? பஸ்ஸுல போகும்போது கோயிலப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கற மாதிரி!"

"சாமி என்ன, என் காலயா பாத்துக்கிட்டு இருக்கு? அதுக்கு வேற வேல இல்ல?" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் தரையில் பனி உருகி ஓடியது. நான் விடவில்லை. காவடி எடுத்த கால் இது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பினாங்கு வெயிலில் பழகிய கால் அது என்பதை மறந்துவிட்டேன்.

நான்காம் நாள் ஒரு மடத்தின் விருந்தினர் அறையில் தங்கினோம். மறுநாள் காலை, வயதான துறவி ஒருவர் ஜெபமாலை உருட்டிக்கொண்டு ஸ்தூபியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் காலில் ஆரஞ்சு நிற ஓட்டப்பந்தயச் சப்பாத்து! எனக்கு அவருக்காகக் கூச்சமாக இருந்தது. நான் வெறுங்காலோடு அவர் பின்னால் சுற்றப் போனேன். இரண்டாவது சுற்றில் அவர் திரும்பி என் காலைப் பார்த்தார். இரண்டு விரல் வெளுத்துப் போய், ஒரு நகம் கறுத்து, குதிகால் பிளந்திருந்தது. ஓடிப்போய் ஒரு சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டு வந்தார். என் காலை அதில் வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்து, வழிகாட்டித் தம்பியிடம் ஏதோ சொன்னார். ஏதோ பெரிய தத்துவம் என்று நினைத்து, என்ன சொன்னார் என்று நச்சரித்தேன்.

"'உள்ள வரும்போது கழட்டுனா போதும், வெளியில கல்லு குளுருமே'ங்கறாரு. அவ்வளவுதான் பாக்சிக்."

தண்ணீரில் கால் சூடு ஏறியதும் வலி வந்தது. சப்பாத்து உள்ளே போகவில்லை. முக்திநாத்துக்கு இன்னும் இரண்டு நாள் ஏற்றம். வழிகாட்டித் தம்பி ஜீப் வரவழைக்கிறேன் என்றார்.

"நடந்தே வர்றேன்னு நேந்திருக்கேன் தம்பி. ஜீப்புல ஏறுனா சாமி முகத்துல எப்படி முழிக்கறது?"

அவர் யோசித்து, சிலிண்டரும் அரிசியும் ஏற்றிப் போகும் கோவேறு கழுதைகளில் ஒன்றை எனக்குப் பேசி வந்தார். நானும் யோசித்தேன். ஜீப்புக்குச் சக்கரம்; கழுதைக்குக் கால். கால் இருப்பது நடக்கிறது. நடக்கும் ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பவனும் ஒரு வகையில் நடக்கிறவன்தானே? இந்த நியாயத்தை மனைவியிடம் சொன்னேன்.

"நேந்தது நீங்க, நடக்கறது கழுத. நல்லா இருக்கு," என்றாள்.

இரண்டு நாளும் நான் கழுதை மேல். என் காலில் மனைவியின் கம்பளித் துண்டு. கழுதையின் கழுத்து மணி கிணுகிணுக்க, அதற்குப் பின்னால் முழங்காலில் துணி கட்டிக்கொண்டு, ஃபேக்டரிச் சப்பாத்தோடு அவள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது நின்று, கழுதையின் முதுகைத் தட்டிக் கொடுப்பாள். என்னைத் தட்டிக் கொடுக்கவில்லை.

முக்திநாத்தில் நூற்றெட்டுக் குழாய்களில் ஐஸ் தண்ணீர் கொட்டுகிறது. அவள் ஒவ்வொன்றிலும் கை நனைத்து வந்து என் தலையில் தெளித்தாள். சந்நிதியில் நான் "வந்துட்டேன் சாமி" என்றேன். "நடந்தே" என்ற சொல்லை விட்டுவிட்டேன். பக்கத்தில் அவள் சத்தமாகச் சொன்னாள்: "பேத்திக்காக நாங்க நடந்து வந்துட்டோம்பா."

நாங்க! அந்த ஒரு சொல்லுக்குள் என்னையும் ஏற்றிக்கொண்டாள். கழுதைக்கு அடுத்தபடி என்னைச் சுமந்தது அதுதான். நானும் இறங்காமல் உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வழிகாட்டித் தம்பி எடுத்த படத்தில் நான் கோயில் முன்னால் கைகூப்பி நிற்கிறேன். ஓரத்தில் கழுதையின் ஒரு காது. அன்றிரவே அந்தக் காதை வெட்டிவிட்டு மகளுக்கு அனுப்பினேன். மகள் குடும்பக் குழுவில் போட்டாள். ஊர் திரும்புவதற்குள் படம் எதிர்க்கரை பாகான் டாலாம் வரை போய்விட்டது. எங்கள் கோயிலில் பொன்னாடை போட்டு, பேசச் சொன்னார்கள். ஸ்தூபிகளை வெறுங்காலோடு சுற்றியதைச் சொன்னேன். கழுதையைச் சொல்லவில்லை. மனைவி பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்று மட்டும் கேட்டாள். "அந்தக் கழுதைக்கு ஒரு நன்றியாவது சொல்லியிருக்கலாம்ல?"

கதை கை மாறக் கை மாற வளர்ந்தது. ஆறு நாளும் வெறுங்காலோடு நடந்தேன் என்று ஆனது. நான் மறுக்கவில்லை.

போன மாதம் சுங்கை பாக்காப்பிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மகனுக்காக நேர்ந்திருக்கிறாராம். என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

"அண்ணே, உங்களப் போலவே முக்திநாத்துக்கு வெறுங்காலோட போகப் போறேன். மூனு வாரமா தார் ரோட்டுல பழகறேன்."

பாதத்தைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண்.

"இது எத்தன நாளா இருக்கு?"

"ரெண்டு வாரமாச்சு. எனக்கு இனிப்புநீர் வியாதி இருக்குல்ல, சீக்கிரம் ஆறாது. சாமி பாத்துக்கும்."

தேநீர் கொண்டு வந்த மனைவி அந்தப் புண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

நான் சொல்லிவிட்டேன். கழுதையை, காதை, கறுத்த நகத்தை, யார் நடந்தது என்பதை, எல்லாவற்றையும். அவர் தேநீரைத் தள்ளி வைத்தார்.

"இத ஏன்ணே முன்னாடியே சொல்லல?"

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்த ஃபேக்டரி சப்பாத்து எங்க வாங்குனீங்க?"

மறுநாளே கிளினிக்குக்குப் போனார். புண் ஆறிய பிறகுதான் பயணம். போகும் முன் என்னிடம் ஒன்று கேட்டார். "போன்ல உங்க கதையப் பாத்துட்டு இன்னும் எத்தன பேரு வெறுங்கால்ல பழகறாங்களோ. எழுதிப் போடுங்கண்ணே." அன்று இரவே பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுத ஆரம்பித்தேன்.

மனைவி படித்துவிட்டு, "ஜீப்ப வேணான்னு சொன்ன எடத்துல மட்டும் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு," என்றாள்.

படிப்பவர்கள் இதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். ஆனால் கை வைக்காமல் அனுப்புங்கள். என் சப்பாத்தைக் கழற்றிவிடாதீர்கள். கழுதையைக் குதிரையாக்காதீர்கள். நடந்தது என் மனைவி; அவளை என் பின்னால் கொண்டு போய் நிறுத்திவிடாதீர்கள். இதோடு அந்தப் படத்தையும் முழுதாக வைத்திருக்கிறேன். ஓரத்தில் தெரிவது கழுதையின் காது. அதை வெட்டாதீர்கள்.