இடது பக்க ஆசனத்தில் அபூசாலி

பெரியநீலாவணைச் செல்லத்தம்பி தற்போது என்ன மதம் என்பதைத் தீர்மானிக்கக் கோயில் நிர்வாகம் இரண்டு தடவை கூடிக் கலைந்திருக்கிறது. முதற் கூட்டத்துக்கு ஆள் போதவில்லை. இரண்டாவதற்கு ஆள் நிறைந்திருந்தது, செல்லத்தம்பிதான் இல்லை. மீன் ஏற்றப் போய்விட்டார். பக்கத்து ஊரான மருதமுனையில் இதே விடயம் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முன்றலில் ஆராயப்படுகிறது. அங்கே ஒரு சாரார் அவருக்குப் புதுப்பெயரும் பார்த்து வைத்துவிட்டார்கள். சம்பந்தப்பட்டவரைக் கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்கிறார். அந்தச் சொல்லை ஒரு மதம் என்று கூட்ட அறிக்கையில் எழுத முடியாது என்பதில் மட்டும் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே நடந்ததை முறைப்படி பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

செல்லத்தம்பி சவூதியில் பதினொரு வருடம் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியவர். தாயிப் பக்கம் ரோட்டுப் போட்ட ஒரு கம்பனி. ஆறு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டில்காரர் மருதமுனை அபூசாலி, ஏசி திருத்துபவர், நேரம் தவறாத தொழுகையாளி. இவர்கள் இருவரின் வீடுகளுக்கும் இடையில் ஊரில் ஒன்றரை மைல் தூரம். ஊரில் இருந்தவரை ஒருவரையொருவர் கண்டதில்லை. அறிமுகமாவதற்கு ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

செல்லத்தம்பியின் மனைவி தவமலர், பயணப் பெட்டிக்குள் சீட்டுக்கட்டுச் சீட்டளவில் ஒரு பிள்ளையார் படம் வைத்து அனுப்பியிருந்தார். கம்பனியிலோ திடீர் திடீரென்று பெட்டி சோதிப்பார்கள். பிற மதத்துச் சாமான் எதுவும் அகப்பட்டால் சாமானும் போகும், சாமான்காரரும் போவார். முதல் வாரமே அபூசாலி கையை நீட்டினார்.

"இஞ்ச தா மச்சான். என்ட பெட்டிய ஒருத்தனும் கிளற மாட்டான்."

"உனக்குப் பாவமில்லையாடா?"

"நானா கும்பிடப் போறன்? இது உன்ட சாமான், நீ நம்பித் தாறாய். அமானிதம். அமானிதத்துக்குள்ள என்ன இரிக்கி எண்டு பாக்கிறது என்ட வேலையில்ல."

அன்றிலிருந்து பிள்ளையார், கடதாசியில் சுற்றப்பட்டு, அபூசாலியின் பெட்டியில் மேலதிகத் தொழுகைப் பாயின் கீழே பத்திரமாகக் குடியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அபூசாலி பெட்டிச் சாவியைத் தலையணையில் வைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். அவர் திரும்புவதற்குள் செல்லத்தம்பி தன் காரியத்தை முடித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை இருவருக்கும் பொதுவாக அமைந்திருந்தது பெரிய வசதி.

அந்தக் கம்பனியில் சகல விடயத்திலும் கருத்துச் சொல்லும் அதிகாரத்தைத் தனக்குத்தானே வழங்கிக்கொண்டவர் சம்மாந்துறைப் போர்மன் ஷரிபுதீன். அவர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் செல்லத்தம்பிக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார்.

"எல்லாம் செய்யலாம், கலிமாவ மட்டும் வாயால சொல்லிராத. விளையாட்டுக்கும் சொல்லாத. சொன்னா உள்ள வந்தாச்சு. பிறகு இல்லையெண்டு வெளியால போனா, தல தோள்ல இரிக்காது."

இது சட்டமா, சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட கதையா என்று செல்லத்தம்பிக்குத் தெரியாது. தெரியாதது எல்லாவற்றையும் சட்டம் என்று எடுத்துக்கொள்வதே வெளிநாட்டில் பிழைக்கும் வழி. இறைவன் ஒருவனே, முகம்மது அவன் தூதர் என்று சாட்சி சொல்லும் அந்த இரண்டு வரியும் நாளுக்கு ஐந்து தடவை ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு அவருக்குத் தேவாரத்தைவிட நன்றாகப் பாடமாகியிருந்தது. ஆனாலும் வாய்க்குள் விடவில்லை. குளிக்கும்போது பாடுவதைக்கூட, தப்பித்தவறி வந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை பகல், தூரத்து முகாமொன்றில் ஏசி திருத்த வேண்டுமென்று அபூசாலி பவுசரில் ஏறிக்கொண்டார். நாற்பது கிலோமீட்டருக்கு மனித வாடை இல்லாத ரோடு. பாதி வழியில் அவர் நெஞ்சைப் பிடித்தார். சட்டை தொப்பென்று நனைந்துவிட்டது. செல்லத்தம்பி பவுசரை ஓரங்கட்டினார்.

"மச்சான்," என்றார் அபூசாலி. "நாக்குப் புரளுதில்ல. கலிமாவச் சொல்லித் தா. நீ சொல்லு, நான் பின்னால சொல்றன்."

மரணப் படுக்கையில் இருப்பவருக்கு அருகில் உள்ளவர் கலிமாவைச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வழக்கம். அதைச் சொன்ன நாவோடு போனால் நல்ல மௌத்து, நல்ல சாவு என்பார்கள். அருகில் இருந்தவர் செல்லத்தம்பி மட்டும்தான். அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் போர்மன் ஷரிபுதீன் நின்றுகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டார்.

"பொறு மச்சான், போன்ல போடுறன்."

சிக்னல் ஒரு கோடுதான். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அபூசாலி வாயைப் பாதி திறந்தபடி, வாத்தியார் அடுத்த வரியைச் சொல்லட்டும் என்று காத்திருக்கும் மாணவனைப் போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் படம் வந்தது. முதலில் ஒரு விளம்பரம். முடி உதிர்வதைத் தடுக்கும் ஷாம்பு. அபூசாலிக்கு முப்பது வயதிலேயே முழு வழுக்கை.

விளம்பரம் முடிந்து கலிமா தொடங்கியபோது, கேட்பதற்கு அங்கே செல்லத்தம்பி மட்டுமே இருந்தார்.

அபூசாலியின் உடலை அங்கேயே அடக்கினார்கள். செல்லத்தம்பி மையவாடி வாசலுக்கு வெளியே, கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். அபூசாலியின் பெட்டியைக் கம்பனி சீல் வைத்து ஊருக்கு அனுப்பியது. அபூசாலியின் மனைவி அஸீஸா போனில் கேட்ட முதற் கேள்வி ஒன்றே ஒன்று.

"அண்ணன், கலிமா சொன்னாரா?"

மறுமுனையில் ஒரு வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஓம்," என்றார் செல்லத்தம்பி.

அந்த 'ஓம்' வளர்ந்தது. ஆண்டுதோறும் அபூசாலியின் நினைவாகக் கத்தம் ஓதிச் சோறு கொடுக்கும் நாளில் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. முதலிரண்டு வருடம் போனில். வேலையை முடித்து ஊர் திரும்பிய பிறகு நேரில். முதல் வருடம் கலிமா மட்டும் இருந்தது. அடுத்த வருடம் அதனுடன் ஒரு புன்னகை சேர்ந்தது. நாலாம் வருடம் அத்தர் வாசம் வீசியது. மருதமுனையில் இந்தச் சாட்சியத்துக்கு விசேட மதிப்பு. 'காபிர் மனிசன், பொய் சொல்லி அவருக்கு என்ன லாபம்?' என்று பெரியவர்களே தீர்ப்பளித்துவிட்டார்கள்.

லாபம் செல்லத்தம்பியின் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்திருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாளே அபூசாலி பவுசரில் ஏறிவிட்டார். செல்லத்தம்பி ஊருக்கு வந்தபோது, விசா, டிக்கெட் ஏதுமின்றி அவரும் வந்தார். சவூதியில் வலப்பக்கம் உட்கார்ந்தவர், இங்கே மீன் ஏற்றச் செல்லத்தம்பி வாங்கிய பட்டா லொறியில், இந்த நாட்டுப் போக்குவரத்து விதிகளை அனுசரித்து இடப்பக்கம் மாறிக்கொண்டார். ஆளை வெருட்டும் வேலை எதுவும் அவரிடம் இல்லை. வங்கியில் இலக்கம் எடுத்தவர் போல் ரோட்டைப் பார்த்தபடி, வலது கையை நெஞ்சில் வைத்து, வாயைப் பாதி திறந்து காத்திருப்பார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிச் செல்லத்தம்பியைப் பார்ப்பார். பெரியநீலாவணைக்கு மருதமுனைப் பாங்கு துலக்கமாகக் கேட்கும். நாளுக்கு ஐந்து தடவை லொறி ஓரத்தில் நிற்கும். செல்லத்தம்பி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, அது முடியும்வரை கண்ணைத் திறக்கமாட்டார்.

இடது ஆசனத்தில் வேறு எவரும் ஏறத் தடை. கிளினிக் போகும் தவமலருக்கும் இடம் பின்னால், மீன்பெட்டிகளோடுதான்.

"யாருக்கு அந்தச் சீட்டக் காவல் காக்கிறீங்க?" என்று அவர் ஒருநாள் கேட்டார்.

"ஒராளுக்கு."

தவமலர் அது பெண் என்று முடிவுகட்டி, இரண்டு வருடம் விசாரணை நடத்தி, ஆதாரம் கிடைக்காமல் களைத்துப்போனார்.

செல்லத்தம்பி உரிய இடங்களில் முறைப்பாடு செய்யாமல் இல்லை. கோயில் பூசாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மற்றாக்கள்ர ஆவிக்கு எங்கிட்டச் சாமான் இல்ல தம்பி" என்று கையை விரித்தார். மருதமுனை ஸப்ரி மௌலவி, "மௌத்தானவங்க திரும்பி வாறல்ல. அது ஜின்" என்றார். அபூசாலியைப் போலவே சட்டைப் பையில் ஸ்க்ரூ ட்ரைவர் குத்தியிருக்கிறதே என்று கேட்டதற்கு, ஜின்களுக்கு அதெல்லாம் சின்ன வேலை என்று விளக்கம் தரப்பட்டது. இவ்வாறாக அபூசாலி எந்தத் திணைக்களத்தின் கீழும் வராத நிலையில் மேலும் சில வருடங்கள் கழிந்தன.

ஏழாவது கத்தத்துக்கு முதல்நாள் பின்னேரம் அஸீஸா வரச்சொல்லி அனுப்பினார். செல்லத்தம்பி லொறியைக் கேற்றடியில் நிறுத்திவிட்டுப் போனார். நடுக்கூடத்தில் பக்கத்து வீட்டுச் சித்தி லைலா கத்தச் சோற்றுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அஸீஸாவின் மகன் றிபாத், இருபத்தாறு வயது, யூரியூப் சனல் வைத்திருப்பவர், ஒரு முக்காலியில் போனைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்த முற வீடியோவாப் போடுவம். வாப்பாட கடைசி நேரத்த உலகம் பாக்கட்டும்."

"உலகம் என்னத்துக்குத் தம்பி?"

"நல்லாப் போகும் மாமா. முன்னால ஒரு விளம்பரம் வரும், அத மட்டும் ஒண்டும் செய்யேலா."

செல்லத்தம்பி கதிரையில் இருந்து எழும்பினார். பிறகு திரும்ப உட்கார்ந்தார்.

"அத நிப்பாட்டு மனே. உம்மாவோட நான் கொஞ்சம் கதைக்கோணும்."

அஸீஸா அவர் முகத்தைப் பார்த்தார். "றிபாத், கடையில போய்க் கொத்தமல்லி வாங்கிட்டு வா."

"கொத்தமல்லி இரிக்கே."

"போ."

றிபாத் போனதும் செல்லத்தம்பி எல்லாவற்றையும் சொன்னார். ஷரிபுதீன், ஒரு கோட்டுச் சிக்னல், சுற்றிய வட்டம், ஷாம்பு, லொறியின் இடது ஆசனத்தில் இன்னும் காத்திருப்பவர். புன்னகையையும் அத்தரையும் தனித்தனியாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கடைசியில், "அவர் கேட்டார். எனக்குத் தெரியும். பயத்துல சொல்லிக் குடுக்கல்ல" என்றார். சித்தி லைலாவின் கையில் வெங்காயம் பாதியில் நின்றது.

அஸீஸா எழும்பி உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் மடித்த பொலித்தீன் பை. அதற்குள்ளிருந்து கடதாசியை விரித்தார். சீட்டளவில் ஒரு பிள்ளையார்.

"அவர்ட பெட்டிக்குள்ள, பாய்க்குக் கீழ கெடந்திச்சு," என்றார். குரல் மிகத் தணிவாக இருந்தது. "ஒரு வக்து விடாமத் தொழுத மனிசன், அங்க போய் இதையா கும்பிட்டாரு எண்டு... நான் யாரிட்டப் போய்க் கேக்க? புள்ளைக்கும் சொல்லல்ல. நீங்க சொன்ன அந்த 'ஓம்'லதான் அண்ணன் நான் ஏழு வருசமாக் கண்ண மூடினன். வருசா வருசம் உங்களக் கூப்பிட்டது சோறு தரவா?"

படம் கம்பனிச் சீலோடு தொலைந்தது என்று செல்லத்தம்பி நினைத்திருந்தார். ஏழு வருடமாக அது இந்த வீட்டு அலுமாரிக்குள் அஸீஸாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"தங்கச்சி, இது என்ட," என்றார். "என்ட பொஞ்சாதி தந்தது. அங்க வெச்சிருக்க ஏலா. அவர் எனக்காக வெச்சிருந்தவர். கடதாசிய அவிட்டுக்கூடப் பாக்கல்ல. அமானிதம் எண்டார்."

அஸீஸா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் அப்பிடித்தான்," என்றார் பிறகு. "பக்கத்து ஊட்டுக் கோழி வந்து முட்டையிட்டாலும் கொண்டுபோய்க் குடுப்பார்."

"என்ட கோழிதான்," என்றார் சித்தி லைலா, சாட்சியத்தில் விடுபட்டுவிடக் கூடாதென்று.

அஸீஸா படத்தைக் கடதாசியில் பழையபடி சுற்றிச் செல்லத்தம்பியிடம் நீட்டினார். "உங்கட சாமான் அவர் வெச்சிருந்தார். இந்தாங்க. அவர்ட சாமான் ஒண்டு உங்கட்ட இரிக்கி."

"என்ன சாமான்?"

"அவர் கேட்டது."

கேற்றுக்கு வெளியே லொறி நின்றது. இடப்பக்கக் கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை.

"அண்ணன், யோசிச்சுச் செய்ங்க," என்றார் சித்தி லைலா. "நீங்க கலிமாவச் சொன்னா நான் சாட்சியாகிருவன். எனக்கு வாய் நிக்காது, இப்பவே சொல்லிட்டன்."

செல்லத்தம்பி யோசித்தார். கோயில் நிர்வாகத்தை, தவமலரை, இந்த ஊரில் தனக்கு வைக்கப்போகும் பெயரை. ஷரிபுதீன் இப்போதும் வாய்க்குள் நின்றார். எழும்பி நடந்து போய், லொறியின் இடப்பக்கக் கதவைத் திறந்தார். ஓர் ஆளின் காது இருக்க வேண்டிய உயரத்துக்குக் குனிந்தார். பிறகு சொன்னார். ஒவ்வொரு துண்டாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால், பின்சொல்பவருக்கு வேண்டிய நேரம் விட்டு. அந்த நேரங்களில் மீன்பெட்டியிலிருந்து ஐஸ்தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கடைசித் துண்டுக்குப் பிறகு அதுவும் கேட்கவில்லை.

கேற்றைப் பிடித்துக்கொண்டு அஸீஸா நின்றார். ஏழு வருடத்துக்கு முன்பு கேட்டதைத் திரும்பக் கேட்டார்.

"சொன்னாரா அண்ணன்?"

ஆசனம் கொஞ்சம் அமுங்கியிருந்தது. அது பழைய ஆசனம். எப்போதுமே அப்படித்தான் இருக்கும்.

"தெரியா தங்கச்சி," என்றார் செல்லத்தம்பி.

இரண்டு ஊர்க் கூட்டத்துக்கும் அவர் இதுவரை கொடுத்திருக்கும் பதிலும் அந்தத் 'தெரியா'தான். அன்று கதவைச் சாத்தி, மறுபக்கம் சுற்றி வந்து ஏறினார். பிள்ளையார் படத்தை எங்கே வைப்பதென்று பார்த்தார். பக்கத்து ஆசனத்தில் வைக்கலாம், காலியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் லொறியைத் திருப்பினார்.