வேற கை பட்ட வண்டி

பொங்கல் முடிந்து ஊரெல்லாம் சென்னைக்குத் திரும்புகிற நாளாகப் பார்த்து நான் பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டேன்.

முன்னால் ஒரு பஸ். பின்னால் ஒரு பஸ். நடுவில் என் அண்ணனுடைய பழைய கார். ஸ்டியரிங்கில் நான். பின் சீட்டில் அண்ணி, நிறைமாதம். கூடுவாஞ்சேரி டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு முடிச்சூர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம்.

“தினா... இன்னாமோ கருகுதுப்பா.”

“முன்னாடி பஸ்ஸோட கிளட்ச் அண்ணி. கண்ணாடிய ஏத்திக்கோங்க.”

“ஏத்திதான் கீது. உள்ள இருந்து வருது.”

திரும்பிப் பார்த்தேன். அண்ணியின் காலடியில் மெல்லிசாகப் புகை. ஊதுபத்தி அளவுதான். ஆனால் நாற்றம் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம்.

இன்ஜினை நிறுத்தினேன். சாவியையே உருவிவிட்டேன். புகை நிற்கவில்லை.

புரிகிறதா? சாவி என் கையில் இருக்கிறது. வண்டி ஆஃப். அப்புறமும் எரிகிறது!

கதவைத் திறந்து அண்ணியை இறக்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் நிற்கிறார். பைக்குகள் அவர் புடவையை உரசிக்கொண்டு போகின்றன. பின்னால் இருந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டினார்.

“யோவ், போகி போயிடுச்சுயா! இன்னும் கொளுத்திகினு கீற?”

பஸ்ஸே சிரித்தது. நான் அண்ணியின் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டிப் போனேன்.

அண்ணி இறங்கிய கொஞ்ச நேரத்தில் புகை நின்றுவிட்டது. தானாக. அவரை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நான் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் மூக்கை நீட்டி நீட்டி மோந்து பார்த்தேன். ஒரு நாற்றமும் இல்லை.

நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் அண்ணன் முரளியைத் தெரியும். அவனைக் கிண்டல் செய்தே பல வாரம் ஒப்பேற்றியிருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்... அண்ணன் இப்போது இல்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். தானே பைக் ஓட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அந்த பைக்கை நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். ‘சும்மா காட்டிட்டு வந்துடலாம்’ என்று யாராவது சொன்னால் இன்னும் பயம்.

அண்ணி முழுகாமல் இருக்கிறார் என்று தெரிந்ததும்தான் அண்ணன் இந்தக் காரை வாங்கினான். “எம் புள்ள ஆட்டோவுலலாம் வராது. சொந்த வண்டியிலதான் வூட்டுக்கு வரும்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதனால் அண்ணியும் பிடிவாதமாக இருக்கிறார். ஆம்புலன்ஸ் வேண்டாம், கால் டாக்ஸி வேண்டாம். வலி வந்தால் இந்தக் காரில்தான் போக வேண்டும். ஓட்டப்போவது யார்? பத்தாவதில் படிப்பை விட்டுவிட்டுத் தண்ணி கேன் லோடு வண்டி ஓட்டுகிற நான். கேன் உருண்டு விழுந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். இது அப்படியா?

அண்ணன் எலக்ட்ரீஷியன். வீட்டு எலக்ட்ரீஷியன். பெருங்களத்தூர் பக்கம் புதிது புதிதாக எழும்புகிற அபார்ட்மென்ட்களில் வயரிங் வேலை செய்தவன். கார் வாங்கியதும் அவன் முதலில் செய்த காரியம், மெக்கானிக் என்கிற ஆளையே வாழ்க்கையிலிருந்து நீக்கியது.

“மெக்கானிக்காண்ட வுட்டா ஒண்ண மாட்டிட்டு ரெண்ட கழட்டிப்பான்டா. வூட்டுக்கே கரண்டு குடுக்கறவன், காருக்குக் குடுக்க மாட்டனா?”

கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொடுத்தான். ஃபாக் லைட். பாட்டு கேட்க ஆம்ப்ளிஃபையர். ரிவர்ஸ் எடுத்தால் டியூன் பாடுகிற ஹாரன். கால் வைக்கிற இடத்தில் நீல லைட். ஸ்டியரிங்குக்குக் கீழே வரிசையாக சுவிட்சுகள் — நம் வீட்டுச் சுவரில் ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் இருக்குமே, அதே சுவிட்சுகள். நான் சிரித்தால் அவனுக்குக் கோபம் வரும்.

“இன்னா சிரிப்பு? பன்னெண்டு வோல்ட்டுடா இது. தொட்டாக்கூட ஒண்ணும் ஆவாது.”

சரி, நானும் அவன் தம்பிதானே... ரத்தத்தில் கொஞ்சமாவது இருக்காதா? புகை வந்த மறுநாள் நானே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். போனில் ஒரு வீடியோவைப் போட்டேன். வீடியோக்காரர் டேஷ்போர்டின் அடியைக் கழற்றினார். பச்சை, மஞ்சள், நீலம் என்று உள்ளே வேலைக்கொரு கலரில் வயர். நானும் கழற்றினேன்.

எல்லாமே சிவப்பு.

ஏதோ ஒரு சைட்டில் மிச்சமான ஒரே ரோல் வயரை வைத்து மொத்தக் காரையும் முடித்திருக்கிறான் என் அண்ணன்! எது எங்கே போகிறது என்று அவனுக்குத்தான் தெரியும். யாரைப் போய்க் கேட்பது?

ஒரு சிவப்பைப் பிடித்து இழுத்தேன். அது இன்னொரு சிவப்பில் பட்டது. ரிவர்ஸ் ஹாரன் பாட ஆரம்பித்தது. அண்ணன் போன பிறகு அந்த ஹாரன் சுவிட்சை நான் தொட்டதே இல்லை. எதிர்வீட்டு அக்கா பால்கனியிலிருந்து, “இன்னாடா தினா, வண்டி நிக்குது, பாட்டு மட்டும் ரிவர்ஸ்ல போவுது!” என்றார். சிரிக்கலாம் என்று நிமிர்ந்தேன். அதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அந்த டியூன் கேட்டால் அண்ணன் வேலை முடிந்து வந்து வண்டியைத் திருப்பி நிறுத்துகிறான் என்று அர்த்தம். வாசல்வரை வந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. கரண்டியோடு அப்படியே நின்றாள்.

வயரைப் பழையபடி சொருகிவிட்டு முடிச்சூர் ரோட்டில் இருக்கிற மெக்கானிக் பாய் ஷெட்டுக்குப் போனேன். பாய் பானட்டைத் திறந்தார். எட்டிப் பார்த்தார். மூடிவிட்டார்.

“வேற கை பட்ட வண்டிபா இது.”

மெக்கானிக்குகள் சொல்கிற வார்த்தை அது. சொந்தக்காரனோ வேறு எவனோ உள்ளே கை வைத்த வண்டி என்று பொருள். ‘இதுக்கு முன்னாடி எங்க காட்டினீங்க?’ என்று டாக்டர்கள் ஒரு முகம் வைத்துக்கொண்டு கேட்பார்களே... அதே முகம்.

“எல்லாம் டைரக்ட் குடுத்து வெச்சிகீறான். பேருக்குக்கூட ஒரு ஃபியூஸ் இல்ல. எவன்பா அவன்?”

“எங்க அண்ணன்.”

“இட்டுகினு வா அந்தாள. எது எங்க போவுதுன்னு வந்து சொல்லட்டும்.”

சொன்னேன். பாய் துணியை எடுத்து பானட்டைத் துடைத்தார்.

“பன்னெண்டு வோல்ட்டுதானே பாய்?” என்றேன். அண்ணன் சொன்னதைத்தான் சொன்னேன்.

“ஷாக் அடிக்காது தம்பி. கொளுத்தும். உங்கண்ணன் அதத்தான் யோசிக்கல.”

டைரக்ட் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வயரை இழுத்துவிடுவது. நடுவில் தடுக்க ஒன்றும் கிடையாது. சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். சாவி என் கையில் இருந்தபோது புகை எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் பயம் குறையும் என்பார்கள். எனக்குக் கூடிவிட்டது.

“அவரு போட்டது எல்லாத்தையும் வெட்டி எடுத்துடறேன். கம்பெனி வயரிங் மட்டும் இருக்கட்டும். இல்லன்னா நான் தொட மாட்டேன்பா. வூட்ல கேட்டுகினு வா.”

வீட்டில் கேட்டேன்.

“ஒரு ஒயரைக்கூட வெட்டக் கூடாது” என்றார் அண்ணி. “அது உங்கண்ணன் கை பட்டது.”

பாய் சொன்னதும் அதே கையைத்தான். அவருக்கு அது கோளாறு. அண்ணிக்கோ... அண்ணனின் சட்டைகளைக்கூடக் காரியத்தன்று யார் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அவன் செய்தது என்று சொல்ல அந்தச் சிவப்பு வயர்கள்தான் மிச்சம்.

அடுப்படியில் அம்மா என் காதோடு சொன்னாள்: “நீ தனியா ஓட்டினா நாத்தம் வர்ல. அவ ஏறினா வருது. இன்னாடா அர்த்தம்?”

“அம்மா, சும்மா இரு.”

“ஒரு எலுமிச்சம்பழமாச்சும் சுத்திப் போடலாம்டா. அவ நேரம் எப்படி கீதோ...”

அண்ணி அடுப்படி வாசற்படியில் நின்றிருந்தார். கேட்டுவிட்டார். வளைகாப்பு இல்லாமலே நிறைமாதம் வரை வந்தவர் அவர். கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. அழுவார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டினார்.

“வண்டிய எடு தினா. அந்த பாயாண்ட நான் பேசறேன்.”

பின் சீட்டைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை. முன்னால் உட்காரவைத்தேன். நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகிற வேகத்தில் ஓட்டினேன். நாற்றம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

ஷெட்டில் பாய் பதறிவிட்டார். “இன்னாமா நீ எதுக்கு வந்த? கீழ ஆயிலு. வழுக்கிடப் போவுது.”

“நாந்தான் லைட்டு புடிச்சேன்” என்றார் அண்ணி.

“இன்னா லைட்டு?”

“அவரு வேல செய்யறப்ப. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போன் லைட்ட புடிச்சிகினு பக்கத்துல நிப்பேன். கொஞ்சம் அசைஞ்சா திட்டுவாரு. எது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும். எதனால எரியுதுன்னு தெரியட்டும், நான் சொல்லச் சொல்ல வெட்டுங்க.”

எனக்கு அது தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூங்குவேன்.

பாய் முதலில் பேட்டரி வயரைக் கழற்றினார். அண்ணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். ஒவ்வொரு சிவப்பாக வெளியே இழுத்துக் காட்டினார்.

“அது ஃபாக் லைட்டு. அத மாட்டறப்ப பானட்டு தலைமேல வுழுந்துச்சு அவருக்கு.”

“வெட்டட்டா?”

“ம்.”

“இது ஆம்ப்ளிஃபையர். நான் தப்பு ஒயரை எடுத்துக் குடுத்துட்டேன்னு அன்னிக்கு பூரா என்னாண்ட பேசல.”

“எல்லாமே செவப்பாச்சேமா! அதுல தப்பு ஒயரு எது, ரைட்டு ஒயரு எது?”

“அதான் பாய் நானும் கேட்டேன்!”

அண்ணி சிரித்தார். அண்ணன் போன பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே, ரிவர்ஸ் ஹாரன் வயரை அடையாளம் காட்டினார். பாய் வெட்டினார். அம்மா ஓடி வந்து நின்ற வாசல் எனக்கு ஞாபகம் வந்தது.

கடைசியில் ஒரே ஒரு சிவப்பு மிஞ்சியது.

“இது?”

அண்ணி குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார். “இது... இதுக்கு நான் லைட்டு புடிக்கல.”

பாய் அதைப் பிடித்துக்கொண்டே போனார். மிதியடியைத் தூக்கினார். கதவு ஓரமாகவே போய், பின் சீட்டுக்கு அடியில் நுழைந்தது வயர். சீட்டைத் தூக்கினார்.

வயர் எதிலும் சேரவில்லை. ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் அப்படியே முடிந்துவிட்டது. முனையில் சுற்றியிருந்த டேப் உருகி வழிந்திருந்தது. மேலே இருந்த ஸ்பாஞ்ச் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது.

பாய் ஸ்பிரிங்கைக் கையால் அழுத்தினார். இறங்கி வயரைத் தொட்டது. விட்டார். விலகியது.

“ஆளு உக்காந்தா தொடுது. எழுந்தா வுட்டுடுது.” அண்ணியை நிமிர்ந்து பார்த்தார். “ஏம்மா... இதும்மேலயா உக்காந்துகினு போய் வந்துகினு இருந்த?”

அண்ணியின் கை வயிற்றுக்குப் போனது. நான் கருகின ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்தேன்.

“இங்க இன்னா வெக்க வந்தாரு? லைட்டா, ஃபேனா?”

“என்னாண்ட சொல்லல பாய்.”

எதுவாகவும் இருக்கலாம். குழந்தைக்குக் குட்டி ஃபேன். பால் சூடாக்குகிற ஏதோ ஒன்று. அண்ணியிடம்கூடச் சொல்லாமல், மாட்டிவிட்டுக் காட்டலாம் என்று வயரை மட்டும் இழுத்து, டேப்பைச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளைக்காக இழுத்த வயர், அந்தப் பிள்ளைக்கு அடியிலேயே எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

“கட்டிங் பிளேயர் குடுங்க. இத நானே வெட்டறேன்” என்றார் அண்ணி.

வெட்டினார். அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்து வருவார் என்று நினைத்தேன். மூலையில் மற்ற வயர்களோடு போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கருகின ஸ்பாஞ்சை நான் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா வாங்கிப் பார்த்தாள். போய், புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அசைந்து அசைந்து பார்த்தாள். ரொம்ப நேரம் இறங்கவில்லை.

நம் வண்டியில் நாமே கை வைக்கலாமா, மெக்கானிக்கிடம்தான் விட வேண்டுமா? ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் இதை வைத்து ஒரு பக்கம் ஜோக் அடித்திருப்பேன். இப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்... உங்களுக்குக் கை இருக்கிறது, வையுங்கள். ஒரு ஃபியூஸைப் போடுங்கள். பாதியில் விட்ட வேலையை மட்டும் வீட்டில் ஒருத்தரிடமாவது சொல்லிவிட்டு வெளியே கிளம்புங்கள். ஆச்சரியமாகக் கொடுக்கலாம் என்று எதையும் கரண்டோடு விட்டுவைக்காதீர்கள்.

இந்த வாரம் மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனோம். அண்ணி பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். வண்டியில் பாட்டு இல்லை, நீல லைட் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. வண்டலூர் தாண்டுவதற்குள் நான் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் முதலில் தரையை, அப்புறம் அவர் முகத்தை.

“ரோட்டப் பாரு தினா” என்றார் அண்ணி. “என்ன நான் பாத்துக்கறேன்.”