உப்புத் தண்ணீரில் போன வாசனை

எங்கள் வெள்ளாடு உப்புப் பாத்தியின் வரப்பிலேயே குட்டி போட்டுவிட்டது. எழுந்து நிற்கப் பார்த்த குட்டி வழுக்கி உப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. உப்பளத்தில் வேலையாக இருந்த என் கணவர் ஓடிப்போய்த் தூக்கினார். கண் எரியுமே என்று வீட்டுக்கு எடுத்துவந்து நல்ல தண்ணீரில் கழுவினார். நான் பழைய புடவையால் துடைத்து, நடுக்கம் நிற்கும்வரை மடியில் வைத்திருந்தேன்.

பிறகு ஆட்டையும் ஓட்டிவந்து கட்டினார். குட்டியை அருகில் விட்டேன். ஆடு முகர்ந்து பார்த்து முட்டித் தள்ளியது. மறுபடி விட்டேன், இன்னும் பலமாக முட்டியது.

"பெத்த குட்டிய முட்டுது பாரு. இதெல்லாம் ஒரு தாயா?" என்று அவர் கையை ஓங்கினார். தடுத்துவிட்டுக் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அதுமேல கோவப்படாதீங்க," என்றார். "குட்டி போட்டதும் கொஞ்ச நேரம்தான், நக்கி நக்கி அந்த வாசனைய மூளையில பதிச்சுக்கும். பதிஞ்ச குட்டிதான் அதுக்குப் புள்ள. நீங்க வாசனையக் கழுவிட்டீங்க. நஞ்சுக்கொடி விழுந்துடுச்சா?"

"இப்பத்தாங்க விழுது."

"அதைக் குட்டிமேல பூசி விடுங்க. ஏத்துக்கும்னு நம்புவோம்."

கணவரே பூசினார். ஆடு முகர்ந்தது, தயங்கியது, முதுகை நக்கியது. ஆனால் மடியருகே குட்டி வந்தாலே விலகியது.

"என்ன ஜென்மமோ," என்றார்.

"அதைத் திட்டாதீங்க," என்றேன். "நம்ம பொண்ணைப் பொறந்ததும் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுக் காப்பாத்திட்டு எங்கிட்ட குடுத்தாங்களே, அப்ப எனக்கும் யாரோட கொழந்தையோன்னுதான் இருந்துச்சு. நாலஞ்சு நாள் நெஞ்சுமேலயே போட்டு வெச்சிருந்த பிறகுதான் எம் பொண்ணுன்னு தோணுச்சு."

அவர் ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே பிடித்திருந்தார். வெயில் தாழும் நேரத்தில் ஆடு தொண்டைக்குள் மெல்ல முனகியது. குட்டி முட்டி முட்டிக் குடிக்க, அசையாமல் நின்றது.

கயிற்றை அவிழ்த்துவிட்டு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில அத்தனை நாளும் தனியாவா இதை நெனச்சுக்கிட்டு இருந்தே?"

"ஆமாங்க."

"சொல்லு, கேக்குறேன்," என்றார். நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன்.