அணையாடையின்றி ஒன்றரை மணி நேரம்

இச்செய்தியை நான் எழுதிவைக்க வேண்டியதன் காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் காலையில் கூடும் முதியவர்கள் தத்தம் உடலைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேசுவார்கள். முழங்கால் மாற்றிக்கொண்டவர் வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டுவார். நெஞ்சுக் குழாயில் கம்பிவலை வைத்துக்கொண்டவர் அது எந்த நாட்டுக் கம்பி என்பதையும் சேர்த்துச் சொல்வார். சர்க்கரை அளவைச் சொல்வதில் போட்டியே நடக்கும். ஆனால் சிறுநீர்ப்பைக்குக் கீழே கொட்டைப்பாக்கைப் போல் ஒளிந்திருக்கும் ஒரு சுரப்பியில் புற்று வந்து, அதனை அகற்றிய பின் ஓர் ஆடவன் எவ்வாறு இருமுகிறான், எவ்வாறு தும்முகிறான், மனைவியின் அருகே எவ்வாறு படுக்கிறான் என்பதை எவரும் சொல்லிக் கேட்டதில்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் எங்கள் பக்கத்து ஆடவர் நால்வரைக் கண்டேன். நால்வரும் மடியில் ஒரு துணிப்பையை வைத்து, அதன்மேல் நாளிதழை விரித்து, ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் படித்தார்கள். ஐந்தாமவனாக நானும் அமர்ந்து என் நாளிதழை விரித்தேன். அந்த ஐந்து நாளிதழ்களின் பொருட்டே இதனை எழுதுகிறேன்.

நான் முதுகுன்றத்தில் வாழ்பவன். ஊரார் அதனை விருத்தாசலம் என்பர். பேருந்துகளிலும் அவ்வாறே எழுதியிருக்கிறார்கள். திருத்தக் கோரி நான் விடுத்த மடல்களுக்கு இன்னும் விடை வரவில்லை. கல்லூரியில் தமிழ் பயிற்றி ஓய்வு பெற்றவன். அகவை எழுபதைக் கடந்தவன்.

அறுவை நன்கு முடிந்தது. புற்று நீங்கிற்று என்று மருத்துவர் கூறியபோது என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வடிகுழாயை எடுத்த நாளில் எனக்கு வேறொரு வாழ்க்கை தொடங்கியது. எழுந்தேன், கசிந்தது. அமர்ந்தேன், கசிந்தது. எதிர்ப்பட்ட ஒருவருக்குக் கைகூப்பினேன், அப்போதும் கசிந்தது. வல்லின எழுத்துகளைச் சற்று அழுத்தி ஒலித்தாலே கசிந்தது. வல்லினத்தைக் கைவிட்டு ஒரு தமிழாசிரியன் எத்தனை நாள் பேச முடியும்?

ஆகவே அணையாடை அணிந்தேன். அதனைக் கடையில் வாங்கிவருபவள் என் மனைவி.

“அணையாடை என்றே கேள்” என்றேன்.

“அப்பிடிக் கேட்டா துணிக்கடைக்குப் போங்கம்மான்னுவான். டயப்பருன்னு கேட்டாத்தான் மருந்துக்கடையில குடுக்கறான். பேசாம இருங்க.”

அன்றே நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு எங்கள் அறையிலிருந்து கூடத்துக்கு மாறினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கட்டிலில் உறங்கியவர்கள் நாங்கள். அவள் வாயிற்படியில் நின்று பார்த்தாள்.

“எதுக்குங்க இது?”

“நீ நனைவாய்.”

“நனைஞ்சா காயாதா?”

விடைக்கு மாறாக ஓர் உறுதிமொழி எடுத்தேன். எங்கள் ஊர் இலக்கிய மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு நான் தலைமை தாங்குவதாக ஏற்றிருந்தேன். அதற்கு ஐந்து திங்கள் இருந்தன. அந்த மேடையில் அணையாடையின்றி ஒன்றரை மணி நேரம் நனையாமல் அமர்ந்திருப்பேன். அமர்ந்துவிட்டால் அன்றே நம் அறைக்குத் திரும்புவேன். அதுவரை கூடமே என் இருப்பிடம் என்றேன்.

“ஆமா, கோட்டையப் புடிச்சிட்டு வராரு” என்று சொல்லிவிட்டு அவள் சோறு வடிக்கப் போனாள்.

இதில் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது. கட்டிலைக் காட்டிலும் கட்டிலில் எனக்கு இருந்த இடம் வேண்டியிருந்தது. அறுவைக்குப் பின் கசிவு ஒருபுறம் இருக்க, கணவனுக்குரிய மற்றோர் ஆற்றலும் உறங்கிவிட்டிருந்தது. அது விழிக்குமா என்று மருத்துவரிடம் கேட்கவே, மறுமுறை சென்றபோது, இரவெல்லாம் சொற்களைத் தேர்ந்து வைத்திருந்தேன்.

“மருத்துவர் ஐயா, இல்லறத்தின் அகநிலை ஒழுக்கம் மீண்டும் தளிர்க்கும் காலம் எதுவாக இருக்கும்?”

மருத்துவர் தம் கணினியைப் பார்த்தார். என் கோப்பைப் புரட்டினார். “பசி எடுக்குதுங்களா?” என்று கேட்டார்.

என் மனைவி நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டாள். “படுக்கை விசயம் கேக்குறாருங்க டாக்டர்.”

மருத்துவர் முகம் தெளிந்தது. நரம்புகள் அடிபட்டிருக்கின்றன, தேற ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம், மாத்திரை உண்டு, ஆனால் பழையபடி முழுதும் ஆகுமென்று வாக்களிக்க இயலாது என்றார். இறுதியில், “அதுவரைக்கும் தள்ளிப் படுக்காதீங்க ஐயா. தொட்டுப் பேசி இருங்க. அதுவும் வைத்தியந்தான்” என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன்.

அங்கிருந்த உடற்பயிற்சி அம்மையார், இளையவர், எனக்கு ஒரு பயிற்சி கற்பித்தார். “பஸ்ஸுல போறப்ப அவசரமா வந்தா அடக்குவீங்கல்ல, அந்தத் தசைய இறுக்குங்க. பத்து எண்ணுங்க. அப்புறம் விடுங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை. வெளியில யாருக்கும் தெரியாதுங்க” என்றார்.

வெளியில் அனைவருக்கும் தெரிந்தது. இறுக்கும்போது என் புருவங்கள் நெற்றியின் நடுவரை ஏறின, உதடுகள் குவிந்தன. இதனை நான் அறியேன். ஒரு கவியரங்கில் முன்வரிசையில் அமர்ந்து பயிற்சி செய்தேன். மேடையில் பாடிய இளங்கவிஞர் என் முகத்தைக் கண்டு இரண்டாம் பாடலின் நடுவே நின்றார். “ஐயா, யாப்புல தப்பு இருக்குதுங்களா?” என்றார். நான் எட்டு எண்ணியிருந்தேன். இன்னும் இரண்டு இருந்தன. பேசினால் பிடி விட்டுப்போகும் என்று கையால் பொறுக்குமாறு காட்டினேன். அவர் அதனை நிறுத்துமாறு காட்டியதாகக் கொண்டு இறங்கிப் போய்விட்டார். பத்து முடிந்ததும் நான் மூச்சை விட்டு முறுவலித்தேன். அதைக் கண்டு அடுத்த கவிஞரும் தம் பாடல்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அன்று கவியரங்கம் குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்தது. எங்கள் மன்ற வரலாற்றில் அவ்வாறு நடந்ததில்லை.

“மூஞ்சிய ஏன் இறுக்குறீங்க? கீழதான இறுக்கச் சொன்னாங்க” என்றாள் மனைவி. அதன்பின் கண்ணாடி முன் நின்று, முகம் அசையாமல் இறுக்கப் பழகினேன். அதற்கே ஒரு திங்கள் ஆயிற்று.

இனி அன்னத்தைப் பற்றிக் கூற வேண்டும்.

இரவில் சிறுநீர் கழிக்க மருத்துவமனையில் கொடுத்த நெகிழிக் குடுவை இலகுவானது. கட்டிலடியில் கால் பட்டாலே சாய்ந்தது. பீங்கான் தொழில் செய்யும் ஊரில் இருந்துகொண்டு நெகிழியைக் கட்டிலடியில் வைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் தெருவிலேயே பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்துபவர் ஒருவர் இருக்கிறார். என்னிடம் மிகுந்த மதிப்புடையவர். பயன் இன்னதென்று அவரிடம் சொல்ல நா எழவில்லை. ஆகவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: “அகன்ற வாயும், சாயாத அடியும், உறுதியான பிடியும், ஒரு முறைக்குப் போதிய கொள்ளளவும், உள்ளும் புறமும் வழுவழுப்பும் உடைய ஏனம் ஒன்று.” அவர் அதை இருமுறை படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எதற்கென்று கேட்கவில்லை. பெரியவரிடம் கேட்பது முறையன்று என்று கருதிவிட்டார்.

இரு வாரத்தில் கொண்டுவந்தார். தம்மிடமிருந்த அன்னப்பறவை அச்சில் மண்குழம்பை ஊற்றி வார்த்து, வால் இருக்க வேண்டிய இடத்தில் அகன்ற வாயமைத்து, வளைந்த கழுத்தையே பிடியாக்கியிருந்தார். வெண்மெருகு பூசி, கண்ணுக்குக் கருமை தீட்டி, அலகில் செவ்வண்ணமும் இட்டிருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தேன்; விரல் நகத்தால் தட்டினேன்; கீறலற்ற ஒலி எழுந்தது. குறைசொல்ல ஒன்றுமில்லை.

“ஐயா எழுத்த அப்பிடியே செஞ்சிருக்கேங்க” என்றார். “மேசை மேல வச்சா அம்சமா இருக்கும்.”

அதனை நான் எங்கே வைத்தேன் என்பதைக் கூற வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய நல்ல ஏனத்தை நான் இதுவரை ஆண்டதில்லை என்பதைக் கூறியாக வேண்டும். சாயவில்லை. ஒலிக்கவில்லை. பிடி கைக்கு அடங்கியது.

விழா நாள் வந்தது. ஞாயிறு முற்பகல். கடந்த பத்து நாட்களில் வீட்டுக்குள் இருமலையும் தும்மலையும் வென்றிருந்தேன். வெண்ணிற வேட்டி, உள்ளே அணையாடை இல்லை. மனைவி கைப்பையில் மாற்று வேட்டி ஒன்றை மடித்து வைத்தாள். அதை நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன். அவள் முதல் வரிசையில் அமர்ந்தாள். நான் மேடை நடுவே அமர்ந்தேன். வாழ்த்துப்பா, வரவேற்பு, ஆண்டறிக்கை. சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. ஒரு மணி நேரம் கடந்தும் ஒரு துளி இல்லை. மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்த பாத்திரக்கடை உரிமையாளர், விழாவுக்குக் கொடையளித்தவர், எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டினார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இன்னும் பதினைந்து நிமிடம்.

அப்போது மன்றச் செயலாளர் மேடையில் இருந்தோர்க்கு எலுமிச்சைச் சாறு வழங்க ஏற்பாடு செய்தார். அது ஓர் அன்னத்தில் வந்தது.

வெண்மெருகு, கருங்கண், சிவந்த அலகு. என் கட்டிலடியில் இருப்பதன் உடன்பிறப்பு. பின்னால் இன்னும் இரண்டு அன்னங்கள் வந்தன. செயலாளர் கழுத்தைப் பற்றிச் சாய்த்தார். வாலிலிருந்து இளமஞ்சள் நிறத்தில் சாறு என் குவளையில் விழுந்தது.

அவர் ஒலிவாங்கியின் பக்கம் திரும்பினார். “இந்தக் குடுவையோட அமைப்ப நம்ம தலைவர் ஐயாவே எழுதிக் குடுத்தாங்க. நம்ம பட்டறைக்காரரு நல்லா வந்துச்சுன்னு சேத்து வார்த்துட்டாரு. மங்கலம்பேட்டைக் கடையில ரெண்டு டஜன் போயிருக்குது. ஐயா முதல்ல குடிச்சுத் தொடங்கி வைக்கணும்.”

கடைக்காரர் என் பக்கம் சாய்ந்து, “நல்லா ஓடுதுங்க ஐயா. கல்யாண வூட்டுக்கெல்லாம் கேக்குறாங்க” என்றார்.

நான் மனைவியை நோக்கினேன். அது பிழை. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின, கண்களில் நீர் வழிந்தது. நான் தசையை இறுக்கினேன். மூன்று எண்ணினேன். நான்கு எண்ணினேன். பின்னர் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவையில் அவ்வாறு நான் சிரித்ததே இல்லை. சிரிப்போடு மற்றதும் வந்தது. பொன்னாடையை மெல்ல இறக்கி மடிமீது விரித்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளில் எனக்குப் போர்த்தப்பட்ட ஆடைகளுள் பயன்பட்டது அது ஒன்றே. சாற்றையும் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

முடிவுரையை அமர்ந்தபடியே ஆற்றினேன். முதுமை என்று எண்ணி அவை பொறுத்தது.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். வேட்டியை மாற்றிக்கொண்டு கூடத்துக் கட்டிலில் அமர்ந்தேன். “தோற்றுவிட்டேன்” என்றேன்.

அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். “நானுந்தான்.”

எனக்கு விளங்கவில்லை.

“புரியலையா? நானும் நனைச்சுட்டேன். சின்னவ பொறந்ததுலேருந்து இப்பிடித்தான். சிரிச்சா வந்துடும், இருமுனா வந்துடும். வெளிர்ப் பொடவ நான் என்னைக்காவது கட்டிப் பாத்துருக்கீங்களா?”

இளைய மகளுக்கு அகவை முப்பத்துநான்கு. நான் எண்ணிப் பார்த்தேன். பேருந்து ஏறுமுன் அவள் ஒருமுறைக்கு இருமுறை பின்கட்டுக்குச் செல்வாள். நான் வாயிலில் நின்று காலத்தின் அருமையை எடுத்துரைப்பேன். உறவினர் கூடிச் சிரிக்கும்போது அவள் மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போவாள். அதனைப் பெண்மையின் செறிவு என்று நான் என் மாணவர்களிடமே புகழ்ந்து பேசியிருக்கிறேன்.

“ஏன் என்னிடம் கூறவில்லை?”

“நீங்க கேட்டீங்களா? சொன்னா அதுக்கு ஒரு தமிழ்ப் பேரு வைப்பீங்க. அவ்வளவுதான.” என் தலையணையைத் தட்டினாள். “முப்பத்துநாலு வருசம் உங்க பக்கத்துலதான் படுத்தேன். நான் என்ன கூடத்துக்கா போனேன்?”

இவ்வாறு கேட்டுவிட்டு அவள் என் தலையணையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். தலையணையின்றி உறங்கும் வழக்கம் எனக்கில்லை. பின்னாலேயே சென்றேன்.

மறுநாள் பட்டறைக்காரரிடம் உண்மையைக் கூறினேன். அவர் சூளைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “முன்னாடியே சொல்லியிருந்தா பிடிய இன்னும் கொஞ்சம் தடிமனா வச்சிருப்பேங்க” என்றார். பிறகு, “மங்கலம்பேட்டைக்காரர்கிட்ட சொல்ல வேணாங்க. நல்ல மனுசன்” என்றார்.

இப்போது பயிற்சியை இருவரும் சேர்ந்தே செய்கிறோம். பகலுணவுக்குப் பின் கதவைச் சாத்திக்கொண்டு அருகருகே படுத்து, அவள் எண்ணுவாள். ஏழுக்கு மேல் விரைவாக எண்ணிவிடுகிறாள் என்பது என் குற்றச்சாட்டு. கட்டிலின் இருபுறமும் நீர் புகா விரிப்பு இட்டிருக்கிறோம். என் கசிவு பெரும்பாலும் நின்றுவிட்டது, அவளுடையதும் குறைந்திருக்கிறது. மற்றதைப் பற்றி: மருத்துவர் எழுதிய மாத்திரையை இருமுறை உட்கொண்டேன். முதன்முறை தலைவலி மட்டுமே விளைந்தது. இரண்டாம் முறை ஓரளவு பயன் தந்தது; ஆனால் அதற்குள் நாங்கள் பேச்சில் ஆழ்ந்துவிட்டிருந்தோம். இளமையில் பேசாமல் செய்தவற்றை இப்போது பேசிக்கொண்டே செய்கிறோம். இடையில் இருவரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்தால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். பழையபடி ஆயிற்றா என்று எவரேனும் கேட்டால், இல்லை என்பேன். அறைக்குத் திரும்பிவிட்டேன் என்றும் சொல்வேன்.

இந்தக் குறிப்பை என் மனைவி படித்து, ஓரிடத்தைத் திருத்தச் சொன்னாள். அன்று மேடையில் முதலில் சிரித்தது நான்தான் என்பது அவள் கட்சி. அதனை நான் ஏற்கவில்லை. அவையில் இருந்தோர் அறிந்தால் தெரிவிக்கலாம். மருத்துவச் செய்திகளில் நான் வழுவியிருந்தால் அத்துறையினர் தயங்காது சுட்டிக்காட்டுக. சொற்களில் பிழை காண்போர் எனக்கு எழுதுக. நாளிதழை மடித்துவைத்துவிட்டு வேறு ஏதேனும் கூற விரும்பும் ஆடவர் எவரேனும் இருப்பின், அவர்கள் பிழையோடு எழுதினாலும் நான் திருத்தாமல் படிப்பேன்.