புழு தொடாத புல்

கீரைக்கடையில் எனக்குக் கிறுக்கு என்று பெயர். எல்லாரும் பளபளவென்று இருக்கிற கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது, நான் ஓட்டை விழுந்த கட்டாகப் பார்த்துப் பொறுக்குவேன். கத்தரிக்காயிலும் அப்படித்தான், நாலு சொத்தை கண்ணில் பட்டால்தான் நிம்மதி. "இன்னாம்மா, புழு துன்னுட்டு வெச்ச மிச்சத்தப் பாத்து வாங்கிக்கினு போற?" என்று கீரைக்காரம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். புழு தொடாத பச்சையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ஒன்பதாவது படித்த வருஷம், குவைத் என்கிற பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. திருச்சானூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பெண்கள் அங்கே வீட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். ரேணிகுண்டாவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா, நைனாவுக்கு இடுப்பு போய், வீட்டோடு ஆகிவிட்டார். ஏஜெண்டு ஒருத்தன் அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே எடுத்துவிட்டான். அதை அம்மா அரிசி டின்னுக்குள் போட்டு மூடி வைத்திருந்தாள். அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் அது கையில் இடறும். எனக்கு அழுகை வரும்.

எங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் ஒரு ஜெர்சி மாடு. பெண்கள் சங்கத்தின் மூலமாக வந்தது, தலைச்சன் சினை. "கன்னு போட்டு பாலு கறந்துச்சின்னா நீ எங்கியும் போவ வாணாமே. பால் சென்டருக்கு ஊத்தினு இங்கியே இருந்துக்கலாம்" என்று நைனா சொல்லிவிட்டார். அம்மா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கன்று நல்லபடியாகப் பிறந்தால் அலிபிரியிலிருந்து நடந்தே திருப்பதி மலை ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நானும் என் பங்குக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாட்டின் வயிற்றில் காதை வைத்து, "சீக்கிரம் வாடா" என்று உள்ளே இருந்த கன்றைக் கெஞ்சுவேன்.

அம்மா கூலிக்குப் போனது திருப்பதி பக்கம் ஒரு புல் ஆராய்ச்சிப் பண்ணைக்கு. அங்கே ஒரு இளவயது மேடம் இருந்தார், தெலுங்குக்காரர். புல்லின் மேல் வலையை வீசி, விழுந்த பூச்சிகளை எண்ணுவதுதான் அவர் வேலை என்பதால் கூலிப் பெண்களுக்கு அவர் பூச்சி மேடம். வேலை முடிந்து திரும்பும்போது பண்ணை வரப்பில் முளைத்த புல்லை ஆளுக்கொரு கட்டு அறுத்துக்கொண்டு போகலாம் என்பது அங்கே வழக்கம். அந்தக் கட்டுதான் எங்கள் மாட்டுக்குச் சாப்பாடு.

அந்த ஐப்பசி மழைக்குப் பிறகு புழு இறங்கியது. ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! படை படையாக வந்து வரப்பையெல்லாம் மொட்டையடித்துவிட்டது. பண்ணையில் ஒரே ஒரு பாத்தி மட்டும் கொழுகொழுவென்று நின்றது. அது வெளிநாட்டிலிருந்து மூட்டையில் வந்த விதை. வெளிநாட்டுச் சரக்குக்கு நாடு கதவைத் திறந்துவிட்டது, இனிமேல் எல்லாம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எல்லாம் வந்தது. கூடவே இந்தப் புல்லும் வந்தது. புழு அதன் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அறுத்து எடை பார்த்து முடித்ததை எருக்குழியில் கொட்டச் சொன்னபோது அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாளாம். "மேடம், வூட்ல சினை மாடு கீது. துன்றதுக்கு ஒண்ணுமில்ல."

"அய்யோ, தீஸ்கோம்மா, எடுத்துக்கோ" என்று மேடமே கட்டைத் தூக்கி அம்மாவின் தலையில் வைத்தார்.

அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்த வரத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு புல் தாளை உருவி எங்கள் மூஞ்சிக்கு நேரே ஆட்டினாள். "ஒரு ஓட்ட கீதா பாரு. ஒரு புள்ளி கீதா?"

"கல்யாண பந்திக்கு எல எட்தாந்தா மாதிரி கீதே. எனக்கும் ரெண்டு வையி" என்றார் நைனா.

மாடு ஆசையாகத் தின்றது. மறுநாளும் புல் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. அந்த வாரக் கடைசியில் மாடு தலையை லேசாக ஆட்ட ஆரம்பித்தது. "குவைத்துக்கு அனுப்பட்டுமான்னு கேட்டேன், வாணாம் வாணான்னு தலையாட்டுது" என்று நைனா கிண்டல் செய்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாங்கள் சிரித்தது ஒரு நோயைப் பார்த்து என்று அப்போது தெரியாது.

தலையாட்டம் கழுத்துக்கு வந்து, காலுக்கு இறங்கியது. எழுந்து நின்றால் முன்னங்கால்கள் விறைத்து நடுங்கின. நைனா திருச்சானூர் மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினார், டாக்டர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நாளிக்கி வரைக்கும் எங்கருந்து தாங்கும்? வாயில்லா ஜீவன்யா அது. நானே ஓட்டிக்கினு போறேன்." நான் பின்னால் தட்ட, அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நாலு அடி நடக்கும், தள்ளாடும், நிற்கும். "வாம்மா, என் கண்ணு, இதோ வந்துட்சி" என்று அம்மா கொஞ்சிக்கொண்டே இழுத்தாள்.

திருச்சானூர் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்று அலறிக்கொண்டிருந்தன. ஒருத்தன் பின்னாலேயே வந்து ஹாரனை அமுக்கினான். மாடு மிரண்டு ஓடப் பார்த்தது, கால்கள் நாலும் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டன. அப்படியே சாய்ந்து ரோட்டோரக் கால்வாயில் தலைகுப்புற விழுந்தது. கழுத்து மடங்கிவிட்டது. அம்மா உள்ளே குதித்து அதன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வயிற்றுக்குள் கன்று கொஞ்ச நேரம் அசைந்தது. என் கண்ணால் பார்த்தேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

விஷயம் தெரிந்து சில நாள் கழித்து மேடம் வீட்டுக்கு வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. புல்லின் தண்டை உரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாராம். புல்லுக்குள்ளேயே, வெளியே தெரியாமல், ஒரு பூஞ்சை குடியிருந்ததாம். புழுவை விரட்டியது அதுதான், மாட்டை நடுங்க வைத்ததும் அதுதான். எனக்குத் தெரியாதம்மா, நான் பூச்சியை மட்டும்தான் பார்த்தேன் என்று அழுதார். அதோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவர், உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார். இந்த நடுக்கம் பெரும்பாலும் உயிரைக் கொல்வதில்லை, புல்லை நிறுத்திவிட்டு மிரட்டாமல், நடக்க விடாமல் நிழலில் கட்டியிருந்தால் தானாகவே தெளிந்திருக்கும் என்றும் சொன்னார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ, நான் நடக்க வெச்சதுதானா மேடம்?"

நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேடத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மா உள்ளே போய் அவருக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

மாசி பிறந்ததும் அரிசி டின்னிலிருந்து பாஸ்போர்ட் வெளியே வந்தது. குவைத் விமானத்துக்காக ரேணிகுண்டா ஸ்டேஷனில் பம்பாய் ரயில் ஏறும்போது அம்மா என் தலையைக் கோதிவிட்டாள். "மேடத்தத் திட்டாத பாப்பா. நல்லதுன்னு நெனச்சிதான் குடுத்தாங்க." ரயில் நகர்ந்த பிறகு நான் மேடத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரையாவது திட்டாவிட்டால் எனக்கு மூச்சு வராது போல இருந்தது.

வெயில் காலம் முடிகிற சமயத்தில், ஊருக்கு லீவில் வந்த ஒரு அக்காவிடம் அம்மா ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தாள். நைனாவும் நானும் பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரைக் கடன் வாங்கிக் கேட்டோம். முதலில் இருமல். பிறகு சாப்பாடு, வேலை, நைனாவின் இடுப்பு, என் படிப்பு. அதற்கப்புறம் டேப்பின் இரைச்சல் மட்டும் ஓடியது. முடிந்துவிட்டது என்று நைனா அதை நிறுத்தக் கையை நீட்டினார். அப்போது அம்மாவின் குரல் மறுபடி வந்தது.

"இங்க வூட்டு முன்னாடி புல்லு வெச்சிகீறாங்க பாப்பா. மாடு கெடியாது, ஆடு கெடியாது, சும்மா அழகுக்கு. நாந்தான் தண்ணி வுடுறேன். புழு இருந்தா மருந்தடின்னு வூட்டம்மா சொல்லிகீது. நேத்து ஒரு பச்சப் புழுவப் பாத்தேன், நல்லா துன்னுக்கினு இருந்துச்சி. அடிக்கல. அதுங்கிட்டயே உக்காந்துக்கினு அழுதேன். இந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு அந்தப் புல்லுல இருந்திருந்தா, நான் உன்னாண்டயே இருந்திருப்பேன் பாப்பா."